கடலடியில் எல்லாம் அமைதி, நம்புங்கள்

ஆழ்கடலின் அடித்தரைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. யாருக்காவது எதையாவது கொண்டுபோய் அங்கே போடவேண்டிய அவசியம் வந்தால், உடனே அது உலகத்திலேயே அமைதியான இடமாகிவிடும். நூற்றைம்பது வருட விஞ்ஞான வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இது தப்பாமல் நடந்திருக்கிறது.

1850களில் போடவேண்டியிருந்த சாமான் தந்திக் கம்பி. சைரஸ் ஃபீல்டு என்ற நியூயார்க் காகித வியாபாரி, முப்பத்துச் சொச்ச வயதிலேயே வேண்டிய மட்டும் சம்பாதித்துவிட்டு, மீதி ஆயுளை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அட்லாண்டிக் கடலுக்கு அடியில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் கம்பியால் இணைக்கலாமே என்று யாரோ காதில் ஓத, பிடித்துக்கொண்டார். கடலடி எப்படி இருக்கும் என்று தெரியவேண்டும். அதைக் கேட்க அமெரிக்காவில் ஓர் ஆள்தான் இருந்தார்: கடற்படையைச் சேர்ந்த மேத்யூ மோரி. குதிரை வண்டி விபத்தில் கால் முடமானதால் கப்பலேற முடியாமல் வாஷிங்டனில் நாற்காலி கொடுத்து உட்காரவைக்கப்பட்டவர். உட்கார்ந்த இடத்தில், ஊர்ப்பட்ட கப்பல்களின் பழைய நாட்குறிப்புகளை வரவழைத்து, உலகக் கடல்களின் காற்றையும் ஓட்டத்தையும் படமாகப் போட்டுவிட்ட கில்லாடி.

மோரியின் கையில் ஒரு சிட்டிகைச் சேறு இருந்தது. அவருடைய உதவியாளர் ஜான் புரூக், பீரங்கிக் குண்டில் ஓட்டை போட்டு நடுவே கம்பியைச் செருகி, ஆழம் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். தரை தொட்டதும் குண்டு கழன்று விழும். கம்பி மட்டும் நுனியில் சேற்றோடு மேலே வரும். 1853-ல் அட்லாண்டிக்கில் அப்படி வந்த சேற்றை வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பேராசிரியர் பெய்லி நுண்ணோக்கியில் பார்த்தார். மணல் இல்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் குட்டிக் குட்டி ஓடுகள். ஒன்றுகூட உடைந்து தேய்ந்திருக்கவில்லை.

மோரி எழுந்து நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஓடு உடையவில்லை, ஆகவே அங்கே ஓட்டம் இல்லை. மணல் வரவில்லை, ஆகவே அங்கே எதுவும் எங்கும் போவதில்லை. நியூஃபவுண்ட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஒரு பீடபூமி இருக்கிறது. கம்பியைத் தாங்கிக்கொள்வதற்கென்றே அங்கே வைத்தது மாதிரி இருக்கிறது. தூக்கிப் போடுங்கள், உலகம் உள்ளவரை தூங்கும். சிட்டிகைச் சேற்றிலிருந்து சமுத்திரம் முழுவதற்கும் நற்சான்றிதழ்!

இதில் வேடிக்கை, அதற்குச் சுமார் 170 வருடங்களுக்கு முன்பே லுயிஜி மார்சிலி என்ற இத்தாலிய இளைஞர், கடலின் மேல்தண்ணீர் போகும் திசைக்கும் கீழ்த்தண்ணீர் போகும் திசைக்கும் சம்பந்தம் இருக்கவேண்டியதில்லை என்று காட்டிவிட்டார். இஸ்தான்புல்லின் பாஸ்பரஸ் நீரிணையில் மேல் நீவாடு கருங்கடலிலிருந்து தெற்கே வரும். அடி நீவாடு வடக்கே போகும். அவராகக் கண்டுபிடித்ததில்லை. உள்ளூர் மீனவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆழத்தில் இறக்கிய வலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? மார்சிலி செய்த நல்ல காரியம், அதைக் கேட்டுக்கொண்டது. பிறகு தொட்டியில் கனமான தண்ணீரையும் லேசான தண்ணீரையும் விட்டு ஏன் அப்படி என்று நிரூபித்து, 1681-ல் அச்சிலும் ஏற்றினார். வாஷிங்டன் அலுவலகத்தில் வலை இறக்க வசதி இல்லை.

கம்பி 1858 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தது. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு 98 வார்த்தையில் வாழ்த்து அனுப்பினார். போய்ச் சேர 16 மணி நேரம். சில வாரங்களில் கம்பி மூச்சை நிறுத்தியது. நியாயமாகச் சொல்லவேண்டும், இதில் கடலுக்குப் பங்கில்லை. கம்பெனியின் தலைமை மின்வல்லுநர் வொய்ட்ஹவுஸ் தொழில்முறையில் அறுவைச் சிகிச்சை மருத்துவர்; நோயாளி சுணங்குகிறான் என்று சுமார் 2,000 வோல்ட் ஏற்றிவிட்டார்.

அந்தக் கம்பிக்காக 1857-ல் பிரிட்டிஷ் கப்பல் சைக்ளோப்ஸ் அள்ளிவந்த சேறு இன்னொரு திருவிளையாடலையும் நடத்தியது. சாராயத்தில் ஊறப்போட்டு வைத்திருந்த அதை 1868-ல் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி திறந்து பார்த்தார். கொழகொழவென்று ஏதோ ஒன்று. உயிரின் ஆதி வடிவம், சமுத்திரம் முழுக்கப் பரவிக்கிடக்கும் மூலக் கூழ் என்று முடிவுகட்டி, ஜெர்மானிய நண்பர் ஹெக்கலின் பெயரையும் சேர்த்து பாத்திபியஸ் ஹெக்கலி என்று நாமகரணம் செய்தார். ஹெக்கலுக்குத் தலைகால் புரியவில்லை. 1872-ல் புறப்பட்ட சாலஞ்சர் கப்பல் ஊர் ஊராக, கடல் கடலாகத் தேடியும் கூழ் அகப்படவில்லை. கடைசியில் கப்பலின் வேதியியலாளர் புக்கானன், கடல்நீரில் சாராயத்தை ஊற்றினால் கால்சியம் சல்ஃபேட் திரிந்து கொழகொழவென்று நிற்கும் என்று செய்தே காட்டினார். ஆதி உயிர், பாட்டிலுக்குள் பிறந்தது. ஹக்ஸ்லி பெரிய மனிதர், 1875-லேயே தவறை ஒப்புக்கொண்டுவிட்டார்.

சாலஞ்சர் முடிவில் கிடைத்த சித்திரமும் அமைதிச் சித்திரமே. மேலிருந்து ஓடுகளும் தூசியும் ஓயாமல் விழுகின்றன. விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கிறது. படுக்கையை யாரும் உதறுவதில்லை.

அடுத்த கலகக்குரல் ஜெர்மனியிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு நஷ்டஈட்டுக் கடன் கழுத்துவரை இருந்தது. வேதியியல் மேதை ஃபிரிட்ஸ் ஹேபர், கடல்நீரில் கரைந்திருக்கும் தங்கத்தை வடித்தெடுத்துக் கடனை அடைத்துவிடலாம் என்று சில வருடங்கள் கப்பல் கப்பலாகத் தண்ணீரைச் சோதித்தார். எதிர்பார்த்ததில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருந்தது. தேசத்தின் கடன் அப்படியே நின்றது. அதே காலத்தில், 1925 முதல் 1927 வரை, மீட்டியோர் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சிக் கப்பல் தென் அட்லாண்டிக்கை 14 முறை குறுக்கே கடந்தது. எதிரொலியை வைத்து ஆயிரக்கணக்கான இடங்களில் ஆழம் பார்த்தது. தலைவர் ஆல்ஃபிரெட் மெர்ஸ் தொடக்கத்திலேயே புவனஸ் அயர்ஸில் காலமாகிவிட, அவருடைய மாணவர் கியோர்க் வூஸ்ட் நீரியல் வேலையை ஏற்றார். ஆழத்தின் வெப்பத்தையும் உப்பையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்த வூஸ்டுக்கு ஆச்சரியம். அட்லாண்டிக்கின் மேற்குச் சரிவை ஒட்டிக்கொண்டு அடித்தண்ணீர் உருப்படியான வேகத்தில் ஓடுகிறது. எழுதினார். பெரிய மனிதர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். ஆழ்கடலில் ஓட்டமாவது!

இடையில் கடலே வாய் திறந்தது.

1929 நவம்பர் 18 மாலை, நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் 7.2 அளவில் நிலநடுக்கம். எழும்பிய ஆழிப்பேரலை ப்யூரின் தீபகற்பத்துக் கிராமங்களில் புகுந்து 28 பேரைக் கொன்றது. வீடுகள் அஸ்திவாரத்தோடு கடலுக்குப் போயின. முந்தைய நாட்களின் புயலில் அந்த ஊர்களின் ஒரே தந்திக் கம்பி ஏற்கெனவே அறுந்திருந்ததால், வழக்கமான கப்பல் வரும்வரை, சுமார் மூன்று நாள், வெளியுலகுக்குச் சேதி தெரியவில்லை. இந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

சிரிப்பு, சற்றுத் தள்ளிக் கம்பெனி அலுவலகங்களில் இருக்கிறது. அட்லாண்டிக் தந்திக் கம்பிகள் 12 அறுந்துவிட்டன, பல இடங்களில். நிலம் குலுங்கியது, கம்பி அறுந்தது, இதில் என்ன புதிர் என்று கோப்பை மூடிவிட்டார்கள். ஆனால் கோப்புக்குள் ஒரு விஷயம் கிடந்தது. மையத்துக்குப் பக்கத்துக் கம்பிகள்தாம் உடனே அறுந்தன. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக, வடக்கிலிருந்து தெற்காக, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, வரிசை பிசகாமல் அறுந்துகொண்டே போயின. கடைசிக் கம்பி போனது 13 மணி நேரம் கழித்து. எந்த நிமிடம் எது போனது என்ற துல்லியக் கணக்கு கம்பெனிகளிடம் இருந்தது. தந்தி நின்ற ஒவ்வொரு நிமிடமும் வருமான இழப்பு, குறித்துவைக்காமல் இருப்பார்களா? கடலடியில் எதுவோ ஒன்று வரிசையாகக் கம்பிகளைக் கத்தரித்துக்கொண்டே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அந்தக் கணக்கைப் படித்து அப்படி ஒரு வாக்கியம் எழுத, இருபத்துச் சொச்ச வருடம் பிடித்தது.

அதற்குள் தயாரிப்பு வேலைகள் நடந்தன. ஹார்வர்டின் ரெஜினால்டு டேலி 1936-ல், சேறு கலந்த கனத்த நீர் சரிவில் பாய்ந்துதான் கடலடிப் பள்ளத்தாக்குகளை வெட்டியிருக்கவேண்டும் என்றார். கரையிலிருந்த எதிர்ப்பாளர்கள், அதற்குப் பதில் கடல்மட்டமே பல நூறு மீட்டர் இறங்கி, ஆறுகள் வந்து வெட்டிவிட்டுப் போயிருக்கும் என்றார்கள். சேறு ஓடியது என்று ஒப்புக்கொள்வதைவிட சமுத்திரத்தையே காலி செய்வது அவர்களுக்குச் சுலபமாகப் பட்டது. ஹாலந்தில் ஃபிலிப் கியூனன் ஒரு தொட்டியைக் கட்டி, களிமண் கரைசலைச் சரிவில் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தார். கரைசல் தெளிந்த நீரோடு கலக்காமல், தரையைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. நின்ற இடத்தில் கனமான மணி கீழே, நுண்ணிய தூள் மேலே என்று அடுக்கிவைத்துவிட்டுப் போனது. மலைப்பாறைகளில் அதே அடுக்கு இத்தாலி முழுக்க இருப்பதை மில்யோரினி என்ற புவியியலாளர் பார்த்திருந்தார். 1950-ல் இருவரும் சேர்ந்து எழுதினார்கள்.

1952-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஹீசனும் அவருடைய முதலாளி மாரிஸ் யூவிங்கும் கம்பெனிக் கோப்பைத் திறந்தார்கள். அறுந்த நேரங்களைக் கோத்துப் பார்த்தால் அந்தச் சேற்றுப் பாய்ச்சலின், அதாவது வண்டல் வெள்ளத்தின், வேகமே கிடைக்கிறது: மணிக்கு 100 கிலோமீட்டர். பின்னால் வந்தவர்கள் இதை 70க்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் நெடுஞ்சாலை வேகம். இடம்பெயர்ந்த சேறும் மணலும் சுமார் 200 கன கிலோமீட்டர். 1980களில் ஒலிக்கருவிகளால் அந்தச் சரிவின் பள்ளத்தாக்கைப் படமெடுத்தபோது, கூழாங்கற்கள் அலை அலையாகக் குவிந்து கிடந்தன, முகட்டுக்கு முகடு 50 முதல் 100 மீட்டர். கூழாங்கல்லை அலையாக்கும் ஓட்டம்! மோரியின் நிரந்தரத் தூக்கம் நினைவிருக்கிறதா?

ஹீசனைப் பற்றி இரண்டு வார்த்தை. கெட்டிக்காரர், பிடிவாதக்காரர், ஆனால் ஆதாரம் போதுமான அளவு தலையில் விழுந்தால் மாறிவிடக்கூடியவர். அவரோடு படம் வரைந்த மேரி தார்ப், அட்லாண்டிக்கின் நடுமலைத்தொடர் நெடுகப் பிளவு ஓடுகிறது என்று காட்டியபோது, பொம்பளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். கண்டங்கள் நகர்கின்றன என்ற தீட்டுக் கருத்தின் வாடை அதில் அடித்தது. பக்கத்து மேஜையில் கம்பி அறுவதைத் தவிர்ப்பதற்காகக் கடல் நிலநடுக்கங்களைக் குறித்துக்கொண்டிருந்த படம், தார்ப்பின் பிளவோடு கோடு கோடாகப் பொருந்தியதும் பேச்சை மாற்றிக்கொண்டார். ஆக, தார்ப்பின் வழக்கிலும் சாட்சி சொல்ல வந்தது கடலடிக் கம்பிதான்.

வண்டல் வெள்ளத்தைக் கண்டுபிடித்ததும் ஹீசனுக்கு அதன்மேல் காதல் வந்துவிட்டது. கடலடியில் எதைக் கண்டாலும் வண்டல் வெள்ளம். சமவெளியா, வெள்ளம். மேடா, வெள்ளம். ஆனால் ஒரு சங்கடம். வட அமெரிக்கக் கண்டச் சரிவின் அடிவாரத்துச் சேறு, சரிவின் போக்கில் மேலிருந்து கீழே வழிந்த மாதிரி இல்லை. சரிவுக்குக் குறுக்கே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு, யாரோ வரப்பு கட்டிய மாதிரி கிடந்தது. வெள்ளம் குறுக்கே பாயுமா?

இதற்குள் மறுபக்கத்தில் முனைவர் பட்டம் இல்லாத மேதை ஹென்றி ஸ்டொம்மல், அட்லாண்டிக்கின் மேற்கு ஓரத்தில் வளைகுடா நீரோட்டத்துக்கு அடியில், எதிர்த்திசையில் ஓர் ஆழ்நீரோட்டம் ஓடியாகவேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டார். ஜான் ஸ்வாலோ என்ற ஆங்கிலேயர், கட்டிட வேலைக்குச் சாரம் கட்டும் அலுமினியக் குழாய்களை வாங்கி, சொன்ன ஆழத்தில் மிதந்துகொண்டே கூவும் மிதவைகளாக மாற்றினார். 1957-ல் தென் கரோலினாவுக்கு அப்பால் அவற்றை இறக்கினார்கள். மேலே தண்ணீர் வடக்கே ஓட, குழாய்கள் சமர்த்தாகத் தெற்கே போயின.

ஏன் குறுக்கே? கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, டென்மார்க் நீரிணையில், வடதுருவக் குளிர்நீர் வரம்பைத் தாண்டி வழிகிறது. வினாடிக்கு சுமார் 30 லட்சம் கன மீட்டர், அமேசான் ஆற்றைப்போல் பதினைந்து மடங்கு, கிட்டத்தட்ட 3,500 மீட்டர் கீழே இறங்குகிறது. உலகின் மிகப் பெரிய அருவி அதுதான். குடை பிடித்து நின்று படமெடுக்க முடியாது, அவ்வளவே. விழுகிற தண்ணீர் நேரே பள்ளத்துக்குத்தான் போகவேண்டும். ஆனால் பூமி சுழல்வதால் வட கோளத்தில் அது வலப்பக்கம் தள்ளப்படுகிறது. கீழே இறங்கவும் முடியாமல் மேலே ஏறவும் முடியாமல், சரிவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஆழம் மாறாமல் பக்கவாட்டில் நடக்கிறது. போகும் வழியில் மெல்லிய சேற்றை ஏந்திச் செல்கிறது. வேகம் குறையும் ஓரத்தில் இறக்கிவைக்கிறது. லட்சக்கணக்கான வருடம் இதே வேலை.

ஹீசன் கைவசம் ஆழ்கடல் புகைப்படங்கள் குவிந்திருந்தன. ஆய்வுக் கப்பல் வீமா ஒருகாலத்தில் கோடீஸ்வரரின் உல்லாசப் படகு. இப்போது பகலிரவாகச் சேறு அள்ளிக்கொண்டிருந்தது. படங்களில் நாலாயிரம், ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் மணல் வரிவரியாகச் சுருங்கிக் கிடந்தது. கூழாங்கல்லுக்குப் பின்னால் வால் நீண்டிருந்தது. கடல் அல்லி ஒன்று இடுப்பை வளைத்து நின்றது. காற்றில்லாத இடத்தில் அல்லி ஏன் வளையும்? 1960களின் தொடக்கத்தில் அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தவர் வேறு யாருமில்லை, பழைய வூஸ்ட். முப்பது வருடமாக யாரும் கேட்காத கணக்கோடு அந்த மனிதர் அதே வளாகத்தில் நடந்துகொண்டிருந்தார்.

1966-ல் ஹீசன், அவருடைய மாணவர் சார்லஸ் ஹாலிஸ்டர், வில்லியம் ருடிமன் மூவரும் எழுதிய கட்டுரை, வட அமெரிக்காவின் கண்ட அடிவாரத்தைச் செதுக்கியது இந்தக் குறுக்கு ஓட்டங்கள்தான் என்றது. வண்டல் வெள்ளத்தின் பரம பக்தர் மதம் மாறிவிட்டார்.

பிறகு இந்த ஓட்டங்கள் குவித்த மேடுகள் வரிசையாகக் கண்ணில் பட்டன. கிரீன்லாந்துக்குத் தெற்கே ஒன்றுக்கு எய்ரிக், ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஒன்றுக்குக் கார்டர் என்று பழைய நார்ஸ் கடலோடிகளின் பெயர்களை வைத்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளம், பல நூறு மீட்டர் கனம், முழுக்க முழுக்கத் தூசு. இவற்றின் முதுகில் சேற்று அலைகள் உண்டு, முகட்டுக்கு முகடு சில கிலோமீட்டர். அர்ஜென்டினாவுக்கு அப்பால் ஸாபியோலா மேட்டில் இவை பிரசித்தம். இந்த அலைகளில் பல, ஓட்டம் போகும் பக்கம் நகராமல் ஓட்டத்தை எதிர்த்து நகர்கின்றன. எதிர்கொள்ளும் முகத்தில் சேறு அதிகம் படிய, மறுமுகத்தில் குறைவாகப் படிய, அலை மெல்ல முன்னேறுகிறது.

வண்டல் வெள்ளக் கட்சி சும்மா விடவில்லை. உலகிலேயே பெரிய கடலடி விசிறி நம் வங்காள விரிகுடாவில் இருக்கிறது. இமயத்தின் பொடி இலங்கையைத் தாண்டி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வரை, சுமார் 3,000 கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. அதன் பெரும்பங்கு எங்கள் கை வேலை என்று அவர்கள் மார்தட்டலாம், நியாயம்தான். சிக்கல், பழைய பாறை ஒன்றைக் கையில் கொடுத்து, இதைப் போட்டது கீழே பாய்ந்த வெள்ளமா, குறுக்கே நடந்த ஓட்டமா என்று கேட்கும்போது. பட்டா யார் பெயரில் என்ற வழக்கு அறுபது வருடமாக நடக்கிறது. இருவரும் சேர்ந்து செய்ததாக இருக்கலாம் என்று சொல்கிறவர்களை இரண்டு கட்சியும் வெறுக்கின்றன.

ஹாலிஸ்டர் வளர்ந்து பெரிய ஆளானார். 1970களின் இறுதியில் தொடங்கிய ஹெபிள் திட்டத்தில், நோவா ஸ்கோஷியாவுக்குத் தெற்கே சுமார் 4,800 மீட்டர் ஆழத்தில் கருவிகளை இறக்கி வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அங்கே புயல் அடித்தது. திடீரென்று ஓட்டம் வினாடிக்கு 40 சென்டிமீட்டரைத் தாண்டியது, தண்ணீர் கலங்கிச் சேறாகியது, பிறகு தெளிந்தது. மறுபடியும் வந்தது. 40 சென்டிமீட்டர் என்பது பிரகாரம் சுற்றும் பாட்டியின் வேகம்தான். ஆனால் அந்த ஆழத்துச் சேறு அவ்வளவு நுண்ணியது. பாட்டி நடந்தாலே சூறாவளி. மேலே வளைகுடா நீரோட்டத்தின் பெரும் சுழல்கள் கீழ்வரை கலக்கிவிடுவதுதான் காரணம் என்று முடிவானது. ஆழ்கடல் தூங்குகிறது என்று இனி யாரும் பேச முடியாதபடி செய்தவர்களில் ஹாலிஸ்டர் முதல் வரிசை.

அதே ஹாலிஸ்டர்தான் 1970களிலிருந்து, அணுக்கழிவைக் கடலடியில் புதைக்கலாம் என்று வாதாடியவர்.

கழிவைக் கூர்மையான உருளைகளில் அடைத்து, சேற்றுக்குள் குத்தி இறக்கவேண்டும். ஏனென்றால் ஆழ்கடல் அமைதியான இடம். நியாயம் பேசினால், அவர் காட்டிய இடம் வேறு: ஹவாய்க்கு வடக்கே, பசிபிக்கின் நட்டநடுவே, கரையோர ஓட்டங்கள் எட்டாத செங்களிமண் பரப்பு. அங்கே அவர் கண்டுபிடித்த ராட்சதக் குழாயால் எடுத்த சேறு 24 மீட்டர். அந்த 24 மீட்டரில் ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகள் இடைவெளி தெரியாமல் அடுக்கப்பட்டிருந்தன. டைனோசர் போன நாளிலிருந்து அங்கே யாரும் ஒன்றையும் கலைக்கவில்லை. மோரியிடம் இருந்தது சிட்டிகை. இவரிடம் 24 மீட்டர். முன்னேற்றம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது.

1986-ல் அமெரிக்க அரசு பணத்தை நிறுத்தியது. ஹாலிஸ்டர் 1990களிலும் பத்திரிகைகளில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அரசோ கடலை விட்டுவிட்டு, 1987-ல் நெவாடா பாலைவனத்தின் யக்கா மலையைத் தேர்ந்தெடுத்தது. பல்லாயிரம் ஆண்டு அமைதிக்கு உத்தரவாதமான மலை. 1992 ஜூன் 29 அன்று, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், 5.6 அளவில் நிலம் குலுங்கியது. சேதமான கட்டிடங்களில் ஒன்று, அந்தத் திட்டத்தின் கள அலுவலகம்.